ஓய்வும் மீட்சியும்: ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதையை முன்னிறுத்திப் பெண்களின் மனச்சோர்வு பற்றிய ஒரு நோக்கு

1

இலக்கியத்திலே மனம் நோயுறும் பெண்கள் பலர். அந்நோயிலிருந்து மீளும் பெண்கள் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய, அமெரிக்கப் புனைகதைகளைப் படிப்போர்க்கு இது எளிதிற் புலனாகும். மனமுடைந்த பெண் கதையின் இறுதியில் இறந்துபடுகிறாள். அன்றேல் சித்தம் பேதலிக்கிறாள். அதுவுமன்றேல் கணவனின் அன்பினால் ஒரே பந்தியிற் குணமடைந்துவிடுகிறாள். அவள் எத்தகைய நிலைமைகளில், யாருடைய துணையுடன், எவற்றை இழந்து மீண்டாள் என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. வீழ்ச்சி கலைஞனுக்குரிய பொருள் என்றும் மீட்சி வைத்தியருக்குரிய பொருள் என்றும் பாகம் பிரிக்கப்பட்டுவிட்டமை இதற்கு ஒரு காரணம் எனலாம்.

இப்பாகப் பிரிவினையை ஏற்றுக்கொள்ளாது, மீட்சி என்பதையே விமர்சனத்துக்குரிய ஒரு பிரச்சினையாக எடுத்துக்கொள்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு அமெரிக்க எழுத்தாளர் சார்லற் பேர்க்கின்ஸ் கில்மன் (1860-1935) எழுதிய ‘மஞ்சள் சுவர்த்தாள்’ என்னும் சிறுகதையும் அதன் பின்னணியாயமைந்த அவரது வாழ்க்கையும் ஆதாரமாகக் கொள்ளப்படுகின்றன.

கலைச்சொல் ஒன்றினை முதலிலே தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. துயரமும் மனச்சோர்வும் ஒன்றல்ல. இழப்பொன்றை எதிர்கொள்ளும் எவரும் துயருறுவர். காலம் அதனைப் படிப்படியாகத் தணிக்கும். மனச்சோர்வோ நாள்தோறும் நீடித்து, உறக்கத்தையும் உணவையும் கெடுத்து, செய்கைகளில் இருந்த நாட்டத்தை அழித்து, தன்னையே குற்றவாளியாகக் காணச்செய்யும் ஒரு நோய்நிலை. பிரசவத்தின் பின் ஏற்படும் மனச்சோர்வு அதன் வகைகளுள் ஒன்று. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களிடையே கூடுதலாகக் காணப்படுகின்றது என்பது பல நாடுகளிலும் உறுதிசெய்யப்பட்ட உண்மையாகும். உடல் சார்ந்த காரணிகள் இதிலே தொழிற்படுவதை எவரும் மறுத்தல் இயலாது. ஆயின் உடல் எங்கும் வெறுமனே உடலாக மட்டும் வாழ்வதில்லை. அது ஒரு வீட்டில், ஒரு வர்க்கத்தில், ஒரு குறிப்பிட்ட உழைப்புப் பிரிவினைக்குள் வாழ்கின்றது. இந்த அடிப்படையிலிருந்தே நமது ஆய்வு தொடங்குகின்றது.

2

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது நரம்புக் காயமுற்ற போர்வீரர்களுக்குச் சிகிச்சையளித்துப் புகழ்பெற்றவர் பிலடெல்பியா நகர வைத்தியர் சைலஸ் வெயர் மிற்செல் (1829-1914). அவர் போலி வைத்தியர் அல்லர். துண்டிக்கப்பட்ட உறுப்பு இன்னும் இருப்பதுபோல உணரப்படும் நிலையைப் பற்றி முக்கியமான அவதானிப்புக்களைச் செய்த விஞ்ஞானி. போருக்குப் பின்னர் அவரிடம் வந்தோருள் பெருந்தொகையினர் வசதிபடைத்த குடும்பங்களைச் சேர்ந்த, களைத்து மெலிந்து மனம் சோர்ந்த பெண்கள். அவர்களுக்கென அவர் வகுத்ததே ‘ஓய்வுச் சிகிச்சை’ ஆகும். 1877இல் வெளிவந்த ‘கொழுப்பும் குருதியும்’ என்னும் நூலில் அதனை அவர் விளக்கினார்.

இச்சிகிச்சையின் கூறுகள் எளிமையானவை. நோயாளி ஆறு வாரம் முதல் இரண்டு மாதம்வரை படுக்கையிற் கிடத்தப்படுவாள். குடும்பத்தினரிடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும் பிரிக்கப்படுவாள். பாலும் பிற கொழுப்புணவுகளும் மிகுதியாக ஊட்டப்படும். தசைகள் தளராதிருக்க உடல் பிடித்துவிடப்படும், மின்சாரம் பாய்ச்சப்படும். தொடக்கத்தில் எழுந்து உட்காரவும், தைக்கவும், வாசிக்கவும், எழுதவும் அவளுக்கு அனுமதியில்லை. உடல் எடை கூடுவது குணமடைவதன் முதன்மையான அறிகுறியாகக் கொள்ளப்பட்டது. நூலின் தலைப்பே இதற்குச் சான்று.

இதே வைத்தியர் நரம்புத் தளர்ச்சியுற்ற ஆண்களுக்கு அளித்த ஆலோசனை கவனிக்கத்தக்கது. பின்னர் ‘த வேர்ஜீனியன்’ (1902) என்னும் நாவலால் புகழ்பெற்ற ஓவன் விஸ்ரர், மிற்செலின் ஆலோசனைப்படி 1885இல் மேற்கே வயோமிங் பிரதேசத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் குதிரையேறினார், வேட்டையாடினார், கண்டவற்றை எழுதிவைத்தார். அக்குறிப்புக்களிலிருந்தே அவரது இலக்கிய வாழ்வு முளைத்தது. ஒரே காலம், ஒரே வைத்தியர். நோயும் ஏறத்தாழ ஒன்றே. ஆணுக்கு வெளி விரிக்கப்பட்டது. பெண்ணுக்குக் கதவு சாத்தப்பட்டது. இரண்டிலும் சிகிச்சையின் நோக்கம் நோயாளியைச் சமூகத்தில் அவருக்கு விதிக்கப்பட்ட இடத்துக்குத் தகுதியுடையவராக்கி மீள அனுப்புவதேயாகும். ஆணின் இடம் உற்பத்தியும் ஆட்சியும் நிகழும் பொதுவெளி; பெண்ணின் இடம் வீடு. எனவே ஓய்வுச் சிகிச்சையை ஒரு வைத்தியரின் தனிப்பட்ட கொடுமையாகக் காண்பது பொருந்தாது. அது ஒரு வர்க்கத்தின் குடும்பக் கருத்துநிலை வைத்திய மொழியில் உரைக்கப்பட்ட வடிவமாகும்.

3

கில்மன் 1884இல் ஓவியரான வோல்ரர் ஸ்ரெற்சனை மணந்தார். 1885இல் மகள் பிறந்தாள். அதன் பின்னர் அவரைக் கடும் மனச்சோர்வு பீடித்தது. அந்த ஆண்டின் குளிர்காலத்தில் வீட்டைவிட்டுக் கலிபோர்னியாவின் பசடீனாவிலுள்ள நண்பர்களிடம் சென்றபோது விரைவாகத் தேறினார். வீடு திரும்பியதும் நோயும் திரும்பியது. 1887இல் மிற்செலின் சிகிச்சைக்குச் சென்றார். ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின் வைத்தியர் அவரைக் குணமடைந்தவராகக் கருதி வீட்டுக்கு அனுப்பினார். இயன்றவரை இல்லறத்துக்குள் வாழவேண்டும், குழந்தையை எப்போதும் உடன் வைத்திருக்கவேண்டும், அறிவு சார்ந்த வேலை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, வாழ்நாளில் பேனாவையோ தூரிகையையோ தொடக்கூடாது என்பனவே அவர் பெற்றுச் சென்ற அறிவுரைகளெனக் கில்மன் பின்னர் பதிவுசெய்துள்ளார். அவற்றைச் சில மாதங்கள் பின்பற்றியபோது, அலுமாரிகளுக்குள்ளும் கட்டில்களின் கீழும் ஊர்ந்து சென்று ஒளிந்துகொள்ளும் நிலைக்குத் தாம் ஆளானதை அவர் தன்வரலாற்றிலே கூறுகிறார்.

அடுத்து நிகழ்ந்ததே நமக்கு முக்கியமானது. 1888இல் அவர் கணவனைப் பிரிந்து மகளுடன் பசடீனாவுக்குக் குடிபெயர்ந்தார். எழுதினார், சொற்பொழிவாற்றினார், எட்வேர்ட் பெலமியின் கற்பனைச் சமதர்ம நாவலால் உந்தப்பட்ட இயக்கத்தினருடன் சேர்ந்து இயங்கினார். 1890இல் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ எழுதப்பட்டது. 1892 ஜனவரியில் ‘நியூ இங்லண்ட் மகசீன்’ இதழில் வெளிவந்தது. 1896இல் இலண்டனில் நடைபெற்ற சர்வதேச சோசலிச, தொழிலாளர் மாநாட்டிலே அவர் கலந்துகொண்டார். பெண்களின் பொருளாதாரச் சார்பு நிலையை ஆராயும் ‘பெண்களும் பொருளியலும்’ என்னும் நூல் 1898இல் வெளிவந்தது.

இதனை ஒரு வெற்றிக்கதையாகச் சொல்வது எளிது. ஆயின் அது முழு உண்மையாகாது. தம் ஆற்றல் முழுமையாகத் திரும்பவில்லை என்றும், களைப்பும் சோர்வும் நிறைந்த காலங்கள் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தன என்றும் கில்மன் மறைக்காமற் கூறியுள்ளார். 1894இல் மணமுறிவு ஏற்பட்டபோது மகளைத் தந்தையிடம் அனுப்பினார். அதற்காகத் தாய்மையற்றவர் எனப் பத்திரிகைகளால் தூற்றப்பட்டார். அவரது மீட்சிக்கு இவை விலைகளாக அமைந்தன. 1935இல் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டதைச் சுட்டி, அவர் என்றுமே மீளவில்லை என வாதிடுவோர் உளர். 1932இல் மார்புப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பின், தீராத நோயின் இறுதிக் கட்டத்தில் அவர் அம்முடிவை எடுத்தார் என்பதை அவ்வாதம் மறந்துவிடுகின்றது.

எனவே கில்மனின் வாழ்க்கை நமக்குத் தரும் மீட்சிக் கருத்து அடக்கமானது. நோய் முற்றாக நீங்கிவிடவில்லை. அது வாழ்வை ஆளும் நிலையிலிருந்து வாழ்வுக்குள் தாங்கிக்கொள்ளத்தக்க நிலைக்கு வந்தது. அந்த மாற்றம் பழைய இடத்துக்குத் திரும்பியதால் அன்றி, இடமே மாறியதால் நிகழ்ந்தது.

4

இனிக் கதையை நோக்குவோம். பெயரற்ற ஒரு பெண், வைத்தியனான தன் கணவன் ஜோனுடன் கோடைகாலத்தில் மூன்று மாதத்துக்கு வாடகைக்கு எடுத்த பழைய மாளிகையொன்றில் தங்குகிறாள். முன்னர் குழந்தைகளுக்கென இருந்த மேல்மாடி அறை அவளுக்கு ஒதுக்கப்படுகின்றது. சாளரங்களில் இரும்புக் கம்பிகள். கட்டில் நிலத்தோடு ஆணியடிக்கப்பட்டிருக்கிறது. சுவரில் அருவருப்பான மஞ்சள் நிறத் தாள். எழுத அவளுக்குத் தடை. ஆயினும் அவள் இரகசியமாகக் குறிப்பெழுதுகிறாள். அக்குறிப்புக்களே கதையாகின்றன. நாளடைவில் சுவர்த்தாளின் கோலத்துக்குப் பின்னே ஒரு பெண் சிறைப்பட்டிருப்பதாக அவளுக்குத் தோன்றுகிறது. இறுதி நாளில் அவள் தாளைக் கிழித்தெறிந்து, தானே அப்பெண்ணாகி, மயங்கி விழுந்த கணவனின் மேலாக ஊர்ந்து அறையைச் சுற்றிவருகிறாள்.

கதையின் நடுப்பகுதியில், அதிகம் கவனிக்கப்படாத ஓர் இடம் உண்டு. சுவர்த்தாளில் ஒரு பெண்ணைக் காணத் தொடங்கியபின், கதைசொல்லி முன்னைவிட நன்றாக உண்கிறாள். முன்னைவிட அமைதியாக இருக்கிறாள். ஜோன் மகிழ்ச்சியடைகிறான். சிகிச்சை பலனளிக்கிறதென நம்புகிறான். வைத்தியனின் அளவுகோலின்படி அவள் தேறிவருகிறாள். வாசகனோ அவள் சிதைந்துவருவதைக் காண்கிறான். உணவும் உடலெடையும் அமைதியும் மீட்சியின் அடையாளங்களென்றால் இக்கதை ஒரு மீட்சிக் கதையே. இம்முரணினூடாகக் கில்மன் எழுப்பும் வினா கூர்மையானது: மீட்சியை அளக்கும் கோல் யாருடைய கையில் இருக்கிறது?

அவள் ஏன் சுவர்த்தாளைப் பற்றிக்கொள்கிறாள் என்பதும் விளக்கப்படவேண்டும். அதனை நோயின் அறிகுறியென்று மட்டும் கொள்வோர் கதையின் தருக்கத்தைத் தவறவிடுகின்றனர். அவள் அக்கோலத்தின் ஒழுங்கைக் கண்டறிய முயல்கிறாள். பகலொளியிலும் நிலவொளியிலும் அது மாறுவதை ஒப்பிடுகிறாள். பிறர் கண்டுபிடித்துவிடாமல் ஆய்வைத் தொடர்கிறாள். அது உழைப்பு. தக்க பொருள் மறுக்கப்பட்ட அறிவு, கைக்கெட்டிய ஒரே பொருளின்மீது தன்னைச் செலுத்துகின்றது. மனிதன் தன் உழைப்பினூடாகவே உலகையும் தன்னையும் உருவாக்கிக்கொள்கிறான் என்பது மார்க்சியத்தின் அடிப்படைகளுள் ஒன்று. உழைப்பிலிருந்து முற்றாகத் துண்டிக்கப்படுதலும் அந்நியமாதலின் ஒரு வடிவமே என்பதை ‘மஞ்சள் சுவர்த்தாள்’ காட்டுகின்றது. ஆலைத் தொழிலாளி தன் உழைப்பின் விளைபொருளிலிருந்து அந்நியமாகிறான். இப்பெண் உழைப்பதற்கான உரிமையிலிருந்தே அந்நியமாக்கப்பட்டிருக்கிறாள்.

கதையின் முடிவைச் சிலர் வெற்றியென்பர். வேறு சிலர் முழுத்தோல்வியென்பர். 1973இல் அமெரிக்காவின் பெண்ணிய வெளியீட்டகமொன்று இக்கதையைத் தனி நூலாக மீள்பதிப்புச் செய்ததிலிருந்து இவ்விவாதம் தொடர்கின்றது. நமது நோக்கில், கதைசொல்லியையும் கதாசிரியரையும் வேறுபடுத்திக் காணும்போதே இதற்கு விடை கிடைக்கும். இருவரும் எழுதுகிறார்கள். ஆயின் கதைசொல்லியின் எழுத்துக்கு வாசகர் இல்லை. அது உயிரற்ற தாளோடு நடத்தும் உரையாடலாகவே முடிகின்றது. கில்மனின் எழுத்து இதழில் வெளிவந்தது, வாசகரை அடைந்தது, எதிர்ப்பையும் ஆதரவையும் பெற்றது. கதையின் பிரதியொன்றை அவர் மிற்செலுக்கும் அனுப்பினார். எழுதுவதால் மட்டும் ஒருத்தி மீள்வதில்லை. எழுத்து சமூக உழைப்பாக மாறும்போதே அது மீட்சிக்குத் துணையாகின்றது. தனியறையில் எழுதப்படும் நாட்குறிப்பையே மருந்தாகப் போற்றும் இன்றைய சில போக்குகளுக்கு இக்கதை அன்றே மறுப்புரை எழுதிவிட்டது எனலாம்.

5

எனினும் கில்மனை விமர்சனமின்றி ஏற்பதற்கில்லை. கதையில் இரு பெண்கள் ஓரமாக நடமாடுகிறார்கள். ஒருத்தி ஜோனின் சகோதரி ஜெனி. வீட்டு நிருவாகத்தை மேற்கொள்பவள். மற்றவள் மேரி, குழந்தையைப் பராமரிப்பவள். கதைசொல்லி படுத்திருப்பதற்காக இவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். மேரிக்கு மனச்சோர்வு ஏற்பட்டால் அவளை எந்த மாளிகையின் மேல்மாடிக்கு அனுப்புவார்கள்? இவ்வினாவைக் கதை எழுப்பவில்லை. சுவர்த்தாளுக்குப் பின்னே பல பெண்கள் இருப்பதாகக் கதைசொல்லி ஓரிடத்தில் எண்ணுகிறாள். ஆனால் அவர்களுள் மேரி இருப்பதாக அவளுக்குத் தோன்றுவதில்லை.

கில்மனின் பிற்காலச் சிந்தனையில் இவ்வெல்லை இன்னும் வெளிப்படையாகின்றது. தனித்தனிச் சமையலறைகளை ஒழித்து, வீட்டுவேலையைப் பயிற்சிபெற்ற தொழிலாக மாற்றவேண்டுமென அவர் வாதிட்டது முற்போக்கானது. ஆனால் அவரது முன்னேற்றக் கருத்து இனவாதத்தோடு பிணைந்திருந்தது. 1908இல் கறுப்பின மக்கள் பற்றி எழுதிய கட்டுரையில், அவர்களுள் ‘முன்னேறாதோர்’ எனத் தாம் கருதியோரைக் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தும் திட்டமொன்றை அவர் முன்வைத்தார். சுசான் லான்சர் என்னும் ஆய்வாளர் 1989இல், கதையின் மஞ்சள் நிறத்தையே அக்காலக் கலிபோர்னியாவில் ஆசியக் குடிபெயர்ந்தோர்மீது நிலவிய வெறுப்புடன் தொடர்புபடுத்தி வாசித்தார். சீனத் தொழிலாளரின் வருகையைத் தடைசெய்த சட்டம் 1882இல் நிறைவேறியது என்பதை நினைவிற்கொள்ளின் அவ்வாசிப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நிறத்தின் குறியீடு குறித்து மாற்றுக் கருத்து இருக்கலாம். ஆயின் எழுதும் உரிமை தமக்கு மறுக்கப்பட்டதைக் கொடுமையென உணர்ந்தவர், மற்றொரு மக்கட் கூட்டத்தின்மீது கட்டாய உழைப்பைச் சுமத்தத் தயங்கவில்லை என்பது வரலாறு. ஒருத்தியின் மீட்சி தானாகவே அனைவரின் மீட்சியாக விரிவடைவதில்லை.

6

ஓய்வுச் சிகிச்சை செல்வந்தப் பெண்களைப் படுக்கையிற் கிடத்திய அதே காலப்பகுதியில், சிக்காகோவின் நெருக்கடியான தொழிற்கூடங்களில் தையல் வேலைசெய்த பெண்கள் ஓய்வுக்காகப் போராடிக்கொண்டிருந்தனர். இவ்விரு வரலாறுகளும் சந்திக்கும் இடம் ஹல் ஹவுஸ் என்னும் சமூக நிலையமாகும். 1889இல் அதனை எலன் கேற்ஸ் ஸ்ராருடன் இணைந்து நிறுவிய ஜேன் அடம்ஸும் மிற்செலின் நோயாளிகளுள் ஒருவரே. 1881இல் தந்தையை இழந்து, வைத்தியப் படிப்பையும் தொடரமுடியாது, மிற்செலின் வைத்தியசாலையிற் சிகிச்சை பெற்று, பின்னர் பல ஆண்டுகள் நோக்கமின்றி அலைந்தவர் அவர். குடிபெயர்ந்த தொழிலாளர் வாழ்ந்த அயலிலே பணியைத் தொடங்கியபோது அவரது வாழ்வு திசைபெற்றது. கில்மனும் 1895இல் சிலகாலம் ஹல் ஹவுஸில் தங்கியிருந்தார்.

ஏங்கெல்ஸின் ‘இங்கிலாந்தில் தொழிலாளர் வர்க்கத்தின் நிலை’ என்னும் நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த புளோரன்ஸ் கெல்லியும் அங்கு வாழ்ந்தவரே. கொடுமை செய்த கணவனைப் பிரிந்து மூன்று பிள்ளைகளுடன் 1891இல் அவர் அங்கு வந்தார். அவரும் தோழர்களும் மேற்கொண்ட ஆய்வும் போராட்டமும் 1893இல் இலினோய் மாநிலத்தில் ஒரு சட்டத்துக்கு வழிவகுத்தன. அது தொழிற்சாலைகளில் பெண்களின் வேலைநேரத்தை நாளொன்றுக்கு எட்டு மணியாக வரையறுத்தது. கெல்லியே முதன்மைத் தொழிற்சாலைப் பரிசோதகராக நியமிக்கப்பட்டார். ஆனால் 1895இல் மாநில உயர்நீதிமன்றம், ஒப்பந்தம் செய்யும் சுதந்திரத்துக்கு முரணானதெனக் கூறி எட்டு மணி நேர ஏற்பாட்டைச் செல்லாததாக்கியது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோம். 1892இல், திணிக்கப்பட்ட ஓய்வு ஒரு பெண்ணைச் சிதைப்பதைக் காட்டும் கதை வெளிவருகிறது. 1893இல், மறுக்கப்பட்ட ஓய்வைப் பெண்கள் சட்டத்தின்மூலம் வென்றெடுக்கிறார்கள். ஒரு வர்க்கத்தின் பெண்ணுக்கு நஞ்சாக இருப்பது மற்றொரு வர்க்கத்தின் பெண்ணுக்கு மருந்தாகிறது. அப்படியாயின் ஓய்வு நல்லதா, வேலை நல்லதா என்ற வினாவே பிழையானது. உழைப்பையும் ஓய்வையும் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதே சரியான வினா. மிற்செலின் நோயாளியும் தையற்கூடத் தொழிலாளியும் எதிரெதிர்த் துருவங்களில் இருப்பினும், தத்தம் நேரத்தின்மீது உரிமையற்றவர்கள் என்ற வகையில் ஒன்றுபடுகின்றனர். ஏங்கெல்ஸ் 1884இல் வெளியிட்ட குடும்பம் பற்றிய நூலில், பெண்கள் சமூக உற்பத்தியில் மீண்டும் பங்குகொள்வதே அவர்களது விடுதலைக்கு முன்நிபந்தனை என்றார். அது முன்நிபந்தனையே அன்றி முழுநிபந்தனையன்று என்பதைத் தையற்கூடங்கள் காட்டின.

7

இலக்கியத்திலிருந்து பெற்ற இம்முடிவு, பிற்காலச் சமூக ஆய்வுகளோடு எவ்வளவு ஒத்துப்போகின்றது? 1978இல் ஜோர்ஜ் பிறவுண், ரிரில் ஹரிஸ் ஆகிய இருவரும் ‘மனச்சோர்வின் சமூகத் தோற்றுவாய்கள்’ என்னும் நூலை வெளியிட்டனர். தென் இலண்டனின் கம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே நடத்திய அவ்வாய்வில், பிள்ளைகளையுடைய தொழிலாளர் வர்க்கப் பெண்களே கூடுதலாக மனச்சோர்வுக்கு ஆளாவதை அவர்கள் கண்டனர். கடும் இழப்போ நெருக்கடியோ நேரும்போது பெண்ணை நோய்க்கு எளிதில் ஆட்படுத்தும் நிலைமைகள் நான்கினை அவர்கள் இனங்கண்டனர்: மனந்திறந்து பேசத்தக்க நெருங்கிய உறவு இன்மை, வீட்டில் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூவரோ அதற்கு மேற்பட்டோரோ இருத்தல், வெளியே தொழில் இன்மை, பதினொரு வயதுக்கு முன் தாயை இழந்திருத்தல். இவற்றுள் முதல் மூன்றும் நேரடியாகவே இல்லத்தின் ஒழுங்கமைப்பைச் சார்ந்தவை. ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதைசொல்லிக்குக் கணவன் இருக்கிறான். ஆனால் மனந்திறக்க ஒருவரில்லை. பிறவுண், ஹரிஸ் கூறிய முதலாவது நிலைமையின் பொருள் இதுவே.

மீட்சி பற்றியும் இவ்வாய்வு மரபு சில உண்மைகளைத் தந்துள்ளது. நீண்டகால மனச்சோர்விலிருந்து மீளும் பெண்களின் வாழ்வில், மீட்சிக்குச் சற்று முன்னர் ஒரு ‘புதிய தொடக்கம்’ நிகழ்ந்திருப்பதைப் பிறவுணும் அவரது குழுவினரும் கண்டனர். வேலை கிடைத்தல், வீடு மாறுதல், புதிய உறவு ஏற்படல் என்பன போன்றவை அவை. கில்மனின் பசடீனாப் பயணம் இவ்வகையினதே. 1999இல் வெளியான மற்றோர் ஆய்வில், இலண்டன் நகரின் உட்பகுதியில் நீண்டகால மனச்சோர்வுற்ற பெண்கள் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினரைத் தொண்டர்களான பெண்கள் தொடர்ந்து சந்தித்து நட்புப் பாராட்டினர். ஓராண்டின் பின் அப்பிரிவில் 65 சதவீதத்தினர் தேறியிருந்தனர். மற்றப் பிரிவில் 39 சதவீதத்தினரே தேறினர்.

தென்னாசியாவிலிருந்து ஒரு சான்று. பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில், மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று 2008இல் வெளியாகியது. அங்கே உளவைத்தியர் இல்லை. கிராமப் பெண் சுகாதார ஊழியர்களே குறுகிய பயிற்சிபெற்று வீடுதோறும் சென்று, தாயின் எண்ணப்போக்குக் குறித்தும், அவள் உடல்நலம் குறித்தும், குடும்பத்தாரின் ஒத்துழைப்புக் குறித்தும் பேசினர். பிரசவத்தின் பின் ஆறாம் மாதத்தில், இத்துணையைப் பெற்றோருள் 23 சதவீதத்தினரே மனச்சோர்வுடன் இருந்தனர். வழக்கமான வருகையை மட்டும் பெற்றோருள் அது 53 சதவீதமாக இருந்தது. மிற்செல் நோயாளியை உறவுகளிடமிருந்து பிரித்துக் குணப்படுத்த முயன்றார். இங்கு உறவுகளின் நடுவிலே வைத்துச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஆயினும் மேரியின் வினா இங்கும் எழுகின்றது. அச்சுகாதார ஊழியர்கள் குறைந்த ஊதியத்துக்கும் நிரந்தரமற்ற நியமனத்துக்கும் எதிராக நீண்டகாலம் தெருவில் இறங்கிப் போராடவேண்டியிருந்தது. ஒரு பெண்ணின் மீட்சி மற்றொரு பெண்ணின் மலிவான உழைப்பின்மீது கட்டப்படுமாயின் நோய் இடம்மாறுமேயன்றி ஒழியாது.

8

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். சமூகக் காரணிகளை வற்புறுத்துவதால் வைத்தியத்தை மறுக்கிறோம் என்று கொள்ளலாகாது. கில்மன் காலத்தில் இல்லாத பயன்தரு மருந்துகளும் பேச்சுச் சிகிச்சைகளும் இன்று உண்டு. கடும் மனச்சோர்வில் அவை உயிர்காப்பவை. சமூகம் மாறிய பின்னரே நோய் மாறும் எனக் கூறி, இன்று துன்புறும் பெண்ணைக் காத்திருக்கச் சொல்வது மார்க்சியம் அன்று. அது இயந்திரப் பொருள்முதல்வாதம். மருந்து ஒருத்தியை எழுந்து நிற்கச் செய்யலாம். எழுந்தவள் எங்கே போவாள் என்பது மருந்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அவள் நோயுற்ற அதே அறைக்கே திருப்பி அனுப்பப்படுவாளாயின், மிற்செல் கில்மனை வீட்டுக்கு அனுப்பியதற்கும் அதற்கும் வேறுபாடு மிகச் சிறிதே.

இலக்கிய விமர்சனத்துக்கும் இதனால் ஒரு கடமை ஏற்படுகின்றது. மனச்சோர்வுற்ற பெண் இடம்பெறும் படைப்பொன்றை மதிப்பிடும்போது, அவளது வேதனை எவ்வளவு நுட்பமாகச் சித்திரிக்கப்பட்டிருக்கிறது என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அவளைச் சுற்றி யார் உழைக்கிறார்கள், அவள் பேச்சைக் கேட்பவர் யார், அவள் குணமடைந்துவிட்டாளெனச் சொல்பவர் யார், எந்த அளவுகோலைக்கொண்டு சொல்கிறார் என்பனவற்றையும் நாம் கேட்டாகவேண்டும். இவ்வினாக்களை அமெரிக்க மாளிகையொன்றை நோக்கி எழுப்புவதோடு நிறுத்திக்கொள்ளத் தேவையில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், சத்தம் போடாமல் இருக்கிறாள், வீட்டுவேலை செய்கிறாள், ஆகவே சுகமாகிவிட்டாள் என்று நமது வீடுகளிற் சொல்லப்படும் வேளைகளிலும் அவற்றை எழுப்பலாம்.

ஜோன் தன் மனைவியை நேசித்தான் என்பதில் ஐயமில்லை. அவளது நலத்தையே அவன் நாடினான். ஆனால் அவளிடம் அவன் ஒருபோதும் கேட்காத வினா ஒன்றுண்டு: உனக்கு எது வேலை, எது ஓய்வு என்பதே அது. அவ்வினாவுக்கு ஒரு பெண் தானே விடைகூறவும், அவ்விடைப்படி வாழவும் இயலுமான நிலைமை உருவாகும்போதே மீட்சி தொடங்குகின்றது. அந்நிலைமை சிலருக்கு மட்டுமன்றி மேரிக்கும் ஜெனிக்கும் உரியதாகும்போதே அது நிலைபெறும்.